மூன்று உலாவிகளும் ஸ்டெல்லா அக்காவும்

ஸ்டெல்லா அக்கா காலமான செய்தி கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நான் நூலகத்தின் முன்கதவைத் திறந்துகொண்டிருந்தபோது வந்தது. அவருடைய தம்பி அருள்நேசன் தொலைபேசியில் அழைத்து, "அக்கா மோசம் போட்டா" என்றார். பிறகு அவர், "கொம்பியூட்டர் அறைத் திறப்பு ஒண்டு அவவின்ரை பையுக்கை கிடக்கு. கொண்டந்து தரவோ?" என்று கேட்டார். வேண்டாம், அந்தச் சாவி அக்காவின் பையிலேயே இருக்கட்டும் என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

கொழும்புத்துறையில் ஊரவர் சேர்ந்து நடத்தும் எங்கள் சிறிய நூலகத்துக்கு வந்துபோகிறவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைச் சேலை, கறுப்புக் கைக்கடிகாரம், பெண்கள் சைக்கிள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். இளவயதில் தபாற்கந்தோரின் தொலைபேசிப் பகுதியில் இருந்து, கொழும்புக்கும் கண்டிக்கும் ஆட்களை இணைத்துக் கொடுத்தவர். ஓய்வுபெற்ற பிறகு எங்கள் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார். அங்கே இருந்தவை நான்கு பழைய கணினிகள். வெளிநாட்டில் இருக்கும் ஊரவர் தாங்கள் பாவித்து முடித்த பின் அனுப்பியவை. நான் நூலகர். அவரைவிட மூன்று வயது இளையவன். பத்து ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தோம்.

அவர் கோபக்காரர் என்று சிலர் சொல்வதுண்டு. அந்தக் கோபம் பெரும்பாலும் ஒரே நேரத்தில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்திருப்பவர்கள் மேல்தான் பாயும். "உது நாலு பேர் இருக்கிற வீடு. நீங்கள் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தா அதுகள் எங்கை படுக்கும்?" என்பார். பழைய கணினியின் நினைவகம் எவ்வளவு தாங்கும் என்பதை இதைவிட எளிதாக யாரும் எங்களுக்கு விளங்கப்படுத்தியதில்லை.

கணினிகள் ஊர்கின்றன என்ற முறைப்பாடு கூடியபோது, எங்கள் நிர்வாகக் குழுத் தலைவர் ஒரு யோசனை சொன்னார். நான்கிலும் இணையம் பார்க்க ஒரே உலாவியை, அதுவும் இருப்பதில் வேகமானதை, போட்டுவிட வேண்டும். எது வேகமானது என்று பார்த்துச் சொல்லும்படி ஸ்டெல்லா அக்காவிடம் கேட்டார். "பாத்துச் சொல்லுறன்" என்றார் அவர். அதற்கு ஆறு வாரம் எடுக்கும் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

மூன்று உலாவிகளை எடுத்துக்கொண்டார். அவற்றின் உண்மைப் பெயர்களை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. பெரியவன், நடுவிலான், சின்னவன். ஒரே கணினி, ஒரே ஐந்து பக்கங்கள்: பரீட்சை முடிவு, கடவுச்சீட்டு விண்ணப்பம், செய்தி, மரண அறிவித்தல், ஒரு காணொளி. பக்கம் முழுதாக வந்து முடிய எத்தனை செக்கன், எவ்வளவு நினைவகம் தின்கிறது, எத்தனை முறை பாதியில் நின்று விழுகிறது என்று ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதினார். ஒவ்வொரு முறையும் கணினியை நிறுத்தி, உலாவி முன்பு சேமித்து வைத்ததையெல்லாம் அழித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குவார். ஏன் இந்தக் கரைச்சல் என்று கேட்டேன். "ஒருக்காப் போன பாதையிலை இரண்டாந்தரம் எல்லாரும் கெதியாத்தான் போவினம், தம்பி" என்றார்.

நான்காம் வாரம் ஒரு நாள் கொப்பியில் பல பக்கங்களைக் குறுக்கே கோடிட்டு வெட்டிக்கொண்டிருந்தார். சின்னவனைத் தான் எப்போதும் காலையிலேயே அளந்ததாகவும், பள்ளிக்கூடம் விட்டு எல்லாரும் இணையத்துக்கு வரும் நேரத்தில் மற்ற இரண்டையும் அளந்ததாகவும் அப்போதுதான் கவனித்திருக்கிறார். "பாவம், மற்ற ரண்டு பேருக்கும் நான் அநியாயம் செய்துபோட்டன்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். ஒரு மென்பொருளிடம் மன்னிப்புக் கேட்கும் முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். முதலிலிருந்து திரும்பவும் அளந்தார்.

குழுக் கூட்டத்தில் அவர் கொப்பியை விரித்ததும் தலைவர், "எது கெதி எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

"கெதி எண்டா பெரியவன்தான். ஆனா..."

"அப்ப அலுவல் முடிஞ்சுது."

"முடியேல்லை. அவன் கெதியா வந்து, இருந்த இடமெல்லாத்தையும் பிடிச்சு, பிறகு விழுந்துபோறான். நான் கந்தோரிலை லைன் குடுத்த ஆள். லைன் கெதியாக் கிடைக்கிறது பெரிய விசயமில்லை. ஆக்கள் கதைச்சு முடியுமட்டும் அது நிக்கவேணும். நடுவிலான் கொஞ்சம் ஆறுதலா, மெதுவாத்தான் வருவான். ஆனா நிப்பான்."

தலைவர் என்னைப் பார்த்தார். கூட்டம் நீண்டுவிட்டது, எனக்கும் பசி. சனம் கேட்பது வேகத்தைத்தானே என்று சொன்னேன். நான்கிலும் பெரியவனையே போடுவது என்று தீர்மானம் எழுதி, கையொப்பமும் இட்டேன். ஸ்டெல்லா அக்கா கொப்பியை மூடிக் கைப்பைக்குள் வைத்தார். மறுநாளே தீர்மானத்தின்படி நான்கு கணினிகளையும் மாற்றினார். என்னோடு வழமைபோலவே கதைத்தார். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

அதற்கு இரண்டு மாதம் கழித்துப் பிலோமினாம்மா வந்தார். கரையில் மீன் விற்பவர். அவருடைய மகன் பிரான்சில் திடீரென இறந்துபோனார். அடக்கத்துக்குப் போக விசா கிடைக்கவில்லை. ஆராதனையை இணையத்தில் நேரலையாகக் காட்டப் போவதாக மருமகள் ஓர் இணைப்பு அனுப்பியிருந்தார். வீட்டில் இருந்த கைத்தொலைபேசியின் திரையோ வெடித்திருந்தது. "பெரிய திரையிலை என்ரை பிள்ளையின்ரை முகத்தை ஒருக்காப் பாக்கேலுமோ?" என்று கேட்டார்.

அவர் போன பிறகு ஸ்டெல்லா அக்கா ஒரு கணினியில் வேறு ஏதோ நேரலையைப் பெரியவனில் ஓடவிட்டு, பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். ஐம்பது நிமிடத்தில் திரை வெளுத்தது. திரும்ப ஓடவிட்டார். திரும்பவும் விழுந்தது. என் மேசைக்கு வந்தார். "தம்பி, நாளைக்கு நான் உங்கடை தீர்மானத்தை மீறப்போறன். சொல்லாமச் செய்யக்கூடாது எண்டு சொல்லுறன்." நான் தலையாட்டினேன்.

அடுத்த நாள், அங்கே காலை, இங்கே பிற்பகல். யன்னலோரக் கணினியில் நடுவிலானை மட்டும் திறந்து வைத்திருந்தார். மற்றக் கணினிகளை நிறுத்தி, இணையம் முழுவதையும் அந்த ஒன்றுக்கே விட்டார். படத்தின் தரத்தைக் குறைத்தார். படம் கொஞ்சம் மங்கினாலும் குரல் அறுபடக்கூடாது என்றார். பிலோமினாம்மா திரைக்கு முன் உட்கார்ந்தார். இருபுறமும் நாங்கள் நின்றோம். பாட்டுத் தொடங்கியது. பெட்டி தெரிந்தது. அவர் சத்தமாக அழவில்லை. மகனோடு கதைத்துக்கொண்டிருந்தார். குளிரில் சட்டை சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். முகவாய் தகப்பனுடையதைப் போல இருக்கிறது என்றார்.

ஒரு மணித்தியாலம் கடந்திருக்கும். பெட்டியை மூட ஆட்கள் நெருங்கிய நேரம் படம் அப்படியே உறைந்தது.

"ஐயோ, என்ன பிள்ளை? என்ன நடந்தது? மூடிப்போட்டினமோ?"

ஸ்டெல்லா அக்கா ஒரு கையால் அவருடைய தோளைப் பிடித்தபடி மற்றக் கையால் உலாவியை மூடித் திறந்தார். "இருங்கோ அம்மா, போயிடாதேங்கோ. எட்டு எண்ணுங்கோ, வந்திடும்." அவரே எண்ணத் தொடங்கினார். ஒண்டு, ரண்டு, மூண்டு. பிலோமினாம்மாவும் சேர்ந்து எண்ணினார். எட்டில் படம் வந்தது. மருமகள் பெட்டியின் விளிம்பில் கை வைத்து நின்றார். மகனின் முகம் இன்னும் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் மூடினார்கள்.

எல்லாம் முடிந்ததும் பிலோமினாம்மா ஸ்டெல்லா அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நான் அங்கைதான் நிண்டனான்" என்றார்.

அவரை வழியனுப்பிய பிறகு, எட்டுத்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். கொப்பியை எடுத்துக் காட்டினார். கூட்டத்தில் நாங்கள் திருப்பிப் பார்க்காத கடைசிப் பக்கங்கள். ஒவ்வோர் உலாவியையும் வேண்டுமென்றே விழுத்தி, பழைய இடத்துக்குத் திரும்பிவர எடுத்த செக்கன்களை எழுதியிருந்தார். "விழாதது எண்டு ஒண்டும் இல்லை, தம்பி. விழுந்தா எப்ப எழும்பும் எண்டு தெரிஞ்சா ஆளுக்குச் சொல்லலாமெல்லே."

கூட்டத்தில் நான் பிழை விட்டுவிட்டேன் என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன். "நீங்கள் சொன்னது சரிதான். கேட்ட கேள்விக்கு அதுதான் விடை. கேள்விதான் போதாது" என்று சிரித்தார். அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து, தீர்மானத்தை மாற்றக் கேட்டேன். தலைவரும் மறுக்கவில்லை. பிலோமினாம்மா அவருக்குத் தூரத்து உறவு.

இந்த வருடத் தொடக்கத்தில் ஸ்டெல்லா அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். முகம் வீங்கி, குரல் இறங்கியிருந்தது. "மூண்டு பேருக்கும் புதுப் பதிப்பு வந்திருக்குமே. திருப்பி அளந்தனீங்களோ?" என்று கேட்டார். சந்தோசப்படட்டும் என்று, ஓம் என்றேன்.

"நடுவிலான் எத்தினை செக்கன்?"

கொப்பியைத் தேடுவதுபோலச் சட்டைப்பையைத் தடவினேன். அவர் சிரிக்கத் தொடங்கி, அது இருமலாக மாறி, தாதி ஓடிவந்து என்னை முறைக்கும்வரை சிரித்தார். நான் அவரைக் கண்டது அதுதான் கடைசி.

அவரோடு வேலை செய்தவன் என்ற முறையில் என்னிடம் எஞ்சியிருப்பது அந்தக் கொப்பி என்று சிலர் நினைக்கலாம். அதை அருள்நேசன் வைத்திருக்கிறார். அந்த எண்களும் பழசாகிவிட்டன. போன கிழமை ஓர் இளம்பெண் மடிக்கணினியோடு வந்து, எந்தப் பிரவுசர் நல்லது என்று கேட்டார். என்னிடம் விடை இருந்தது. நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அதை விழுங்கிவிட்டு, "என்ன அலுவலுக்கு, பிள்ளை?" என்று கேட்டேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.