காபி டம்ளர் பக்கத்தில் ஒரு கேட்லாக்

ராஜகீழ்ப்பாக்கம் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: அச்சடித்த கேட்லாக் இன்னும் சாகவில்லை.

ஸ்கேட்போர்டு கேட்டு அப்பாவுக்கு ஒரு மாதமாக லிங்க் அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் எமோஜி போட்டார், ஒன்றையும் திறக்கவில்லை.

நேற்று தபாலில் ஒரு கேட்லாக் வந்தது. அதிலிருந்த ஸ்கேட்போர்டைச் சுற்றி மார்க்கரில் பெரிய வட்டம் போட்டு, இன்று காலை அவர் காபி டம்ளர் பக்கத்தில் விரித்து வைத்தேன்.

லிங்க்கைத் தள்ளிவிடலாம். காபி பக்கத்தில் கிடக்கும் காகிதத்தைப் பார்த்தே ஆகவேண்டும். இதுதான் மச்சான், மார்க்கெட்டிங்.

அப்பா கூப்பிட்டார். "வட்டம் போட்டது நீயாடா?"

"நான்தான்ப்பா."

"நெஜமாவே வேணுமா?"

"டெய்லி யூஸ் பண்ணுவேன்ப்பா."

உடனே போன் போட்டு ஆர்டர் கொடுத்தார். பிறகு அம்மாவிடம், "பாத்தியா, நம்ம பையன் திருந்திட்டான்" என்றார்.

சந்தேகம் வந்து எட்டிப் பார்த்தேன். ஃபேன் காற்றில் தாள் புரண்டிருந்தது. மார்க்கர் மை பின்பக்கம் ஊறி, அங்கிருந்த ஸ்டடி டேபிளைச் சுற்றி அழகாக வட்டம் போட்டிருந்தது.

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "தேங்க்ஸ்ப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

டேபிள் சனிக்கிழமை வருகிறது. அதற்கு நாலு சக்கரம் மாட்டத் தெரிந்தவர்கள் கமெண்டில் வரவும்.