கைகுலுக்கும் மூட்டையில் கொக்கி

பங்களாதேஷ் யுத்தம் நடந்த டிசம்பர் அது. நான் மெட்ராஸ் துறைமுகத்தில் டாலி கிளார்க். இறங்கும் மூட்டைகளை எண்ணி, கிழிசல் இருந்தால் யார் தவறு என்று ஷீட்டில் எழுதுவது என் வேலை. பாகிஸ்தானுக்குத் துணையாக அமெரிக்கக் கடற்படை வங்காள விரிகுடாவுக்கு வருகிறது என்று ரேடியோ சொன்ன மறுநாள் காலை, எங்கள் பெர்த்தில் ஓர் அமெரிக்கச் சரக்குக் கப்பல் நின்றது. உள்ளே பள்ளிக்கூட மதிய உணவுக்கான கோதுமை ரவை. மூட்டைக்கு மூட்டை, இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம்.

ரவை மூட்டையைக் கையால்தான் தூக்க வேண்டும். கொக்கி போட்டுக் கிழித்தது தெரிந்தால் மேஸ்திரியின் வேலைக் கார்டைப் பிடுங்கிவிடுவார்கள். அன்று ராயபுரத்து சூசை மேஸ்திரியின் கேங் மொத்தமும் கொக்கியோடு இறங்கி, படத்திலிருந்த அந்தக் கைகளிலேயே குறிபார்த்துக் குத்தியது.

“இன்னா மேஸ்திரி இது?” என்றேன்.

“ஒரு கையால சோறு போட்டுகினு, இன்னொரு கையால பீரங்கி காட்றான். நாம பாத்துகினு நிக்கணுமா? கப்பல்லயே கிழிஞ்சி வந்துச்சின்னு எழுது நைனா.”

எனக்கும் வயிற்றெரிச்சல்தான். அப்படியே எழுதினேன்.

கையெழுத்துப் போட வந்த கப்பல் ஆபீசர் தலை நரைத்தவர். மூட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். கொக்கி ஓட்டை எதுவென்று கப்பல்காரருக்குத் தெரியாதா? சூசைக்கு முகம் செத்துவிட்டது.

“எங்கள் பிரசிடென்ட் மேல் கோபமா?” என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டார். ஆமாம் என்றேன்.

“அவருக்கு ஓட்டுப் போட்டவன் நான். வியட்நாம் போன என் மகன் அதற்காக என்னோடு பேசுவதில்லை.”

இதைச் சொல்லிவிட்டு, பழியைக் கப்பல் மேலேயே போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் சொன்னதைச் சூசையிடம் தமிழில் சொன்னேன்.

சூசை கொக்கியைக் கீழே போட்டார். பிறகு, “அந்த ஷீட்டக் கிழிச்சிடு. எங்க கேங்கு கிழிச்சதுன்னே எழுது” என்றார்.

“கார்டு போயிடும் மேஸ்திரி.”

“போவட்டும். எம் பொண்ணு இஸ்கூல்ல துன்றது இந்த ரவதான். வூட்டுக்குப் போனா அது என்னாண்ட பேசணும்.”

அன்று சாப்பாட்டு நேரத்தில் கேங் முழுவதும் கோணி ஊசியோடு உட்கார்ந்து மூட்டைகளைத் தைத்தது. ஷீட்டை மாற்றி எழுதியதில் சூசையின் கார்டு மூன்று மாதம் நிறுத்தப்பட்டது. முதலில் பொய் எழுதியதை நானே ஒப்புக்கொண்டதால் எனக்கும் மெமோ வந்தது. அதன்பின் ரிட்டயர் ஆகும் வரை, கண்ணால் பார்த்ததை மட்டுமே ஷீட்டில் எழுதினேன். ரேடியோவில் கேட்டதை எழுதவில்லை.