துவைக்கிற கல்லிலிருந்து ஏரி

பல வருஷம் வறண்டு வெடித்துக் கிடந்த எங்கள் ஊர் ஏரி, போன ஐப்பசி மழையில் நிரம்பி, உபரிநீர் போகும் கோடியில் வழிந்தது. ஊரே கரைக்குப் போய்ப் பூத்தூவிக் கும்பிட்டுவிட்டு வந்தது. என் மனைவி மட்டும் போகவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, இரண்டு மாதமாகக் கட்டிலில் இருந்தாள். இனி ஏரிப் படி பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செல்போனில் வீடியோ எடுத்து வந்து காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல எதுவும் கண்ணுல நிக்க மாட்டேங்குதுங்க. நீங்க வரைஞ்சு கொண்டாங்க."

எனக்கு உள்ளூர ஒரே குஷி. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்து, பிள்ளைகளைப் பானையும் மாம்பழமும் வரைய வைத்தவன் நான். வீட்டில் ஒருத்தர்கூட என்னிடம் படம் கேட்டதில்லை.

விடிந்ததும் கரைமேல் நின்று வரைந்தேன். காற்றே இல்லை. தண்ணீர் எது, வானம் எது என்று கொஞ்ச நேரம் எனக்கே பிடிபடவில்லை. தாளை முழுக்க நனைத்து, எதிர்க்கரைப் புளியமரங்களையும் அவற்றின் பின்னால் வத்தல்மலையையும் தீட்டி, ஈரம் காய்வதற்குள் நிழல்களைத் தண்ணீருக்குள் இறக்கினேன். நிறம் தானாகக் கசிந்து மிதந்தது. வரைகிறேனா தூங்குகிறேனா என்றிருந்தது.

அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"மலை எங்கீங்க?"

"மேல இருக்குதே."

"தண்ணிக்குள்ள கேக்கறேன். வெறும் மரந்தான் இருக்குது. அப்பல்லாம் நான் துணி தொவைக்கிற கல்லுல உக்காந்து பாத்தா, மலை உள்ள கெடக்கும்."

சுள்ளென்று கோபம் வந்தது. எனக்கே பாடமா? கண்ணால் கண்டதைத்தானே வரைந்தேன்? அன்றைக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை படியிறங்கிப் போய், தண்ணீரை ஒட்டிக் கிடந்த அந்தக் கல்லில் உட்கார்ந்தேன். அவள் சொன்னது சரி. கரை உயரத்தில் நின்றால் மரங்களின் நிழல் மலையின் நிழலை மறைத்துவிடுகிறது. கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கினால், மலை தலைகீழாக என் பக்கம் நீண்டு வந்தது. பேண்ட் சேறாகுமே என்று எப்போதும் கரைமேலேயே நின்றவனுக்கு இது எப்படித் தெரியும்? வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடுதான் வரைந்தேன்.

காயும்வரை பொறுக்க முடியவில்லை. படத்தைப் பலகையோடு இரண்டு கையிலும் ஏந்தி, ததும்பும் குழம்புச் சட்டியைத் தூக்கி வருகிறவன் போல் நடந்தேன்.

"என்னங்க வாத்தியாரே, ஏரியவே தூக்கிட்டுப் போறீங்களா?" என்றார் எதிரே மாடு ஓட்டி வந்தவர்.

வீட்டுக்கு வந்து அவள் மடியில் வைத்தேன். ஈரம், தொடாதே என்று சொல்வதற்குள், உள்ளங்கையைத் தண்ணீர்மேல் அழுத்தி வைத்துவிட்டாள். மலை கலைந்து அவள் கையில் ஒட்டிக்கொண்டது. திட்ட வாயெடுத்தேன்.

"ஜில்லுன்னு இருக்குதுங்க" என்றாள்.

கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பலகை சாயாமல் நான் பிடித்துக்கொண்டேன்.