ஹெரால்டு கார் கேட்ட பேச்சு

நாச்சியார் தன் புருஷனோடு பேசி எட்டு மாதம் ஆகிறது. ஒரே வீடு, ஒரே பட்டறை, ஒரே சோற்றுப்பானை. ஆனால் ஒரு வார்த்தை கிடையாது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் பட்டறையில் நிற்கிற வண்டியைப் பார்த்துச் சொல்வாள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்தப் பட்டறைக்கு இந்த எட்டு மாதத்தில் எத்தனையோ ஆட்டோக்கள் வந்தன. அத்தனையும் அவர்கள் குடும்பக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போயின. இப்போது நிற்பது ஒரு பழைய ஹெரால்டு. கூரையைத் துணியில் போட்டு, வேண்டும்போது மடித்து வைக்கிற திறந்த கார்.

"காரே, சாயா ஆறுது. குடிக்குற ஆளு குடிக்கலாம்னு சொல்லு."

"காரே, சீனி போதாதுன்னு சொல்லு" என்பார் தளவாய், வண்டிக்கு அடியில் படுத்தபடியே.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். நாச்சியாருக்கு வரவில்லை. எப்படி வரும்?

அவள் அந்தச் சாலைக் கடைத்தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்கினார். அம்மா சீக்கிரம் போய்விட்டாள். பதினாறு வயதில் ஒரு குடைக் கடையில் தைக்க உட்கார்ந்தவள், கடையை மூடியபோது கனத்த துணி தைக்கிற அந்த இரும்பு மெஷினைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு அவள் கொண்டுவந்த சீர் என்றால் அதுதான். வள்ளியூரிலிருந்து டிங்கர் வேலைக்கு வந்த தளவாய் தகரத்தைத் தட்டினார், அவள் ஹூட்டும் சீட்டும் தைத்தாள். கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் நிற்கிற ஆட்டோக்களில் பாதி அவள் கைவேலை. மழை வந்தால் எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள், இவள் ஆட்டோக்களின் தலையைப் பார்ப்பாள்.

போன ஆனி மாத மழையில் பட்டறைக்குள் தண்ணீர் ஏறியது. மெஷினை மேலே தூக்கி வைக்கும்போது கை நழுவி, ஊசியைத் தாங்குகிற அதன் கழுத்து அடியில் விரிசல் விட்டுவிட்டது. அன்றைக்கே தளவாய் வெல்டு அடித்துக் கொடுத்தார். "புதுசுல கூட இவ்வளவு உறுதி இருந்திருக்காது" என்று பெருமை வேறு. ஆனால் கனத்த துணியில் சாணுக்கு ஒரு தையல் தப்பியது. நாச்சியார் சொன்னாள். அதற்கு அந்த மனுஷன் சொன்ன பதில்தான் இந்த எட்டு மாதம்.

"மெஷினுக்கு ஒண்ணுமில்ல. ஒனக்குக் கண்ணு போச்சு. வயசாச்சுல்லா!"

நாலு ஆட்டோக்காரர்கள் நின்றிருந்தார்கள். நாலு பேரும் சிரித்தார்கள். கண்ணாடி போடாமல், விளக்கைக்கூடப் போடாமல் ஊசியில் நூல் கோர்க்கிறவள் அவள். முப்பத்திநாலு வருஷத்துக் கைவேலையை ஒரு சிரிப்பில் கழுவி ஊற்றியாயிற்று. சொன்ன வாயே அதைத் திருப்பி எடுக்கட்டும், அதுவரைக்கும் இந்த வாய் திறக்காது என்று முடிவு செய்தாள். மெஷினை வேறு மெக்கானிக்கிடம் கொண்டுபோயிருக்கலாம்தான். கொண்டுபோகவில்லை, வீம்பு. ஒவ்வொரு தையலையும் இரண்டு தடவை ஓட்டிச் சமாளித்தாள்.

இதில் நடுவில் மாட்டிக்கொண்டது மகள் ஷிஜா. ஆற்றிங்கலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வர வேண்டிய நாளில் வரமாட்டேன் என்று கையை உதறிவிட்டாள்.

"ரெண்டுபேரும் தம்மில் மிண்டாம, பேசாம இருக்குற வீட்டுக்கு நான் வரல்லம்மா. எனக்கு சமாதானம் வேணும். இங்கயே பெத்துக்கிடுறேன்."

அந்தச் சொல் நாச்சியாரை அறுத்தது. ஷிஜாவை அவள் பெற்றபோது தாய் இல்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி ஜெபமலர்தான் வெந்நீர் வாங்கிக் கொடுத்தாள், முகம் துடைத்துவிட்டாள். என் பிள்ளைக்கு இந்த கதி வரக்கூடாது, நான் இருப்பேன் என்று அன்றைக்கே நினைத்திருந்தாள். பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து, பிறக்கப்போகிற குழந்தைக்கு இருபது துண்டு தைத்து அலமாரியில் வைத்திருக்கிறாள். ஒன்பதாம் மாதம் நெருங்குகிறது. துண்டுகள் அலமாரியிலேயே இருந்தன.

ஹெரால்டு, கோட்டைத் தெருவில் இருக்கும் வெங்கடேஸ்வரனுடையது. பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பா வாங்கின கார். கூரையைத் திறந்துபோட்டு மனைவி விஜயலக்ஷ்மியோடு பொன்முடி மலைக்கு ஒரு தடவை போய்வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. இதற்கு முன்னால் அந்தக் காரில் எத்தனை பேர் கைவைத்திருக்கிறார்கள் என்கிறீர்கள்! பெயிண்டைச் சுரண்டினால் பள்ளத்தை நிரப்பின பட்டிப் பூச்சு, பட்டியைப் பெயர்த்தால் துருப்பிடித்த ஓட்டைக்குள் சுருட்டித் திணித்த மலையாளப் பேப்பர். சீட்டுக்கு முட்டாகக் கட்டில் கால். துணிக்கூரைக்குத் தார் பூசின சாக்கு. ஒவ்வொன்றும் வெளியே வர வர தளவாய் முன்பின் தெரியாத அத்தனை மெக்கானிக்குகளின் குடும்பத்தையும் இழுத்து வைது தீர்த்தார். தான் செய்த வேலையைத் தவிர உலகத்தில் யார் செய்த வேலையும் அவருக்கு வேலையில்லை.

இடது கதவு மட்டும் என்ன செய்தும் சாத்த முடியவில்லை. கடைசியில் ஒரு காலை நேரம் கதவுத் தூணில் பழைய வெல்டைக் கண்டுபிடித்துவிட்டார்.

"எவன்லே இத அடிச்சது? வெல்டு அடிச்சா இரும்பு இழுக்கும்னு தெரியாண்டாமா? மொதல்ல ரெண்டு பக்கமும் முட்டு கொடுத்துட்டுல்லா சூடு காட்டணும்! ஒரு மயிரிழை சாஞ்சா போதும், எல்லாம் போச்சு. இவனெல்லாம் ஒரு டிங்கர்!"

துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்த நாச்சியாரின் கை நின்றது. நிமிர்ந்து மெஷினின் கழுத்தைப் பார்த்தாள்.

அந்த வாரமே கதவு சரியாயிற்று, கூரையும் தைத்து ஏற்றியாயிற்று. இந்தத் தடவை நடுத்தையலை நாச்சியார் ஒரே ஒரு தடவைதான் ஓட்டினாள். தண்ணீர் விட்டுப் பார்க்கும் நாளில் வெங்கடேஸ்வரன் உள்ளே உட்கார்ந்து தானே பார்ப்பேன் என்று அடம்பிடித்தார். தளவாய் ஹோஸைத் திறந்தார். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

"தளவாய்! நேக்குத் தலைல அபிஷேகம் ஆறது!"

நடுத்தையல் வழியாக, சாணுக்கு ஒரு சொட்டு, வரிசையாக. தளவாய் தையலைத் தடவிப் பார்த்தார். வாயைத் திறந்தார். "கண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"காரே," என்றாள் நாச்சியார். "வெல்டு அடிச்சா இரும்பு இழுக்கும்னு அன்னைக்கு ஒரு ஆளு சொன்னாரு. காருக்க இரும்பு மட்டுந்தான் இழுக்குமா, தையல் மெஷினுக்க இரும்பும் இழுக்குமான்னு கேளு."

ஹோஸ் தன்பாட்டில் தளவாயின் காலை நனைத்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கீழே போட்டுவிட்டு மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தார். ஒரு துண்டுத் துணியை மடித்து ஓட்டினார். ஒரு சாண் ஓடியதும் தையல் தப்பியது. இன்னொரு சாணில் இன்னொன்று. கோணல் பார்க்கிற மூலைமட்டத்தை எடுத்துவந்து கழுத்தோடு ஒட்டி வைத்துக் குனிந்து பார்த்தார். ஒரு பக்கம் இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தது. வெகுநேரம் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாச்சியா," என்றார். காரை அல்ல, அவளை. "ஒன் கண்ணுல ஒரு கொறையும் இல்ல. நான் முட்டு கொடுக்காம அடிச்சேன். இழுத்துப்போச்சு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னைக்கு நாலு பேரு முன்னால சொன்னேன், இல்லியா?" அவர் எழுந்து காரைப் பார்த்துக் கத்தினார். "சாமி, கேட்டுக்கிடுங்க! என் பொண்டாட்டிக்க கையும் கண்ணும் தங்கம். தப்பு எனக்கதான்!"

"கேட்டுண்டேன், கேட்டுண்டேன்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "மொதல்ல ஒரு துண்டு தாங்கோ."

நாச்சியார் துண்டை எடுத்துக்கொண்டு போனாள். போகிற போக்கில் சொன்னாள், "இது ஒருத்தர்தான். பாக்கி மூணு பேரு?"

எட்டு மாதத்துக்கு அப்புறம் அவரிடம் நேராக அவள் கேட்டது அதுதான். அந்த மனுஷன் ஈரக் காலோடு ரோட்டுக்கு ஓடி, போகிற ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தியதைப் பார்த்து அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மறுநாள் மெஷின் கழுத்தின் பழைய வெல்டை அறுத்தெடுத்தார்கள். மெஷினை இரும்புப் பலகையில் இறுக்கி, சுற்றிலும் முட்டு கொடுக்கும் நேரத்தில் ஷிஜாவின் போன் வந்தது. கை காலியில்லை, நாச்சியார் ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலில் வைத்தாள்.

"அம்மா, என்ன செய்றே?"

"இரு மக்களே... ஏங்க, அங்க இல்ல, இந்தப் பக்கம் கொடுங்க! மறுபடியும் கோணிரும்!"

"எனக்குத் தெரியும்டீ, நீ நேராப் பிடி!"

"தெரிஞ்ச லட்சணத்த எட்டு மாசமா பாத்தேனே!"

"வாயி திறந்தா அடைக்காதே இவளுக்கு!"

போனில் சத்தமே இல்லை.

"ஷிஜா? மக்களே, இருக்கியா?"

"அம்மா... நீ யாருக்கூட சண்டை போடுறே?"

"வேற யாருக்கூட? ஒனக்க அப்பாகூடத்தான்!"

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது, பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு சிரிப்பு.

"அப்பா, வியாழக்கிழமை நல்ல நாளு. வந்து கூட்டிட்டுப் போங்க. வளைகாப்பு அன்னைக்கே பொட்டி கெட்டி வெச்சுட்டேன். இதுவரைக்கும் அவுக்கல்ல."