வயிற்றுக்குள் விட்ட வாயு எந்த வழியாக வெளியே போகும்?

பிள்ளைகளே, ஆஸ்பத்திரிக்குள் யாராவது கோலி சோடா கடத்துவார்களா?

என் மச்சான் கடத்தினார். போன வாரம், பாளையங்கோட்டையில், துண்டுக்குள் சுருட்டி. எல்லாம் தங்கச்சி மேல் உள்ள பாசம். அந்தத் தங்கச்சிதான் என் மனைவி செல்வி.

செல்விக்குப் பித்தப்பையில் கல். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். லேப்ராஸ்கோப்பி என்கிறார்கள். காலையில் ஆபரேஷன். மதியம் கண் திறந்து பேசினாள். அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

சாயங்காலம் ஆரம்பித்தது.

"ஏங்க... வலது தோள்பட்டை குத்துது. மூச்சு இழுத்தா ரொம்ப வலிக்கு."

ஆபரேஷன் வயிற்றில். வலி ஏன் தோளில்? மாரடைப்பு வலி தோளுக்கு ஏறும் என்று கேள்விப்பட்டிருக்கிறேனே... ஒருவேளை...?

சிஸ்டரிடம் ஓடினேன். உடனே வந்தார். நாடி, பிரஷர், இசிஜி — எல்லாம் பார்த்தார்கள்.

"இதயம் நல்லா இருக்கு அண்ணாச்சி. இது ஆபரேஷனுக்காக விட்ட வாயு. தானாப் போயிரும். அக்காவ மெதுவா எழுப்பி நடக்க வைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வாயு! சீவலப்பேரிக்காரரான மச்சானிடம் அந்த வார்த்தையைச் சொல்லலாமா? எங்கள் பக்கம் நெஞ்சு கரித்தாலும் வாயு, முதுகு பிடித்தாலும் வாயு. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து — சோடா. மச்சான் நைசாக நழுவினார். துண்டோடு திரும்பி வந்தார்.

"மாப்ள, கதவப் பாத்துக்கிடும். ரெண்டு ஏப்பம் விட்டாள்னா தோளு லேசாயிரும்."

"சிஸ்டர் நடக்க வைக்கல்லா சொன்னாவ?"

"நடக்கவா? பச்ச உடம்பு வே! தையல் பிரிஞ்சிட்டுன்னா நீரா வந்து தைப்பீரு?"

பிரிந்துவிட்டால்? எனக்கும் பயம் வந்துவிட்டது. செல்வியை அசையவிடவில்லை. ஆனால் என்னால் உட்கார முடியவில்லை. கட்டிலிலிருந்து வராந்தா, வராந்தாவிலிருந்து கட்டில். மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பேன். மறுபடி வராந்தா.

மச்சான் கட்டைவிரலால் கோலியை அமுக்கினார்.

'ட்டுஸ்ஸ்!'

வார்டே திரும்பிப் பார்த்தது. சிஸ்டர் ஓடி வந்தார். பின்னாலேயே டாக்டரம்மா.

"என்னது இது?"

"இல்லம்மா... ஏப்பம் வந்தா வாயு வெளிய போயிரும்லா..." மச்சான் பாட்டிலைத் துண்டுக்குள் மறைக்கப் பார்த்தார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "சோடாவுல பொங்குதே, அது என்ன வாயு? கரியமில வாயு. நாங்க உள்ள விட்டதும் அதேதான்! நாங்க வெளிய எடுத்தத நீங்க திரும்ப ஊத்தப் போறீங்களா?"

மச்சான் சோடா பாட்டிலை முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

நான் விடவில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டேன். டாக்டரம்மா பொறுமைசாலி. அவர் சொன்னதில் எனக்குப் புரிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

தரையில் சரிந்து கிடக்கும் கூடாரத்துக்குள் போய் எதையாவது தேட முடியுமா? கம்பு நட்டுத் தூக்க வேண்டாமா? வயிற்றுக்குள் கம்பு நட முடியாது. அதனால் வாயுவை விட்டு உப்ப வைக்கிறார்கள். கேமராவுக்கு இடம் கிடைக்கிறது.

நாம் சுவாசிக்கும் காற்றையே விட்டால் என்ன? அது ரத்தத்தில் லேசில் கரையாது. குமிழியாக ரத்தக்குழாயில் புகுந்தால் ஆபத்து. ஆக்சிஜன்? உள்ளே சூடு வைத்து ரத்தத்தை நிறுத்துகிறார்களே — தீப்பிடித்தால்? கரியமில வாயு எரியாது. ரத்தத்தில் சட்டென்று கரையும்.

சரி, எப்படி வெளியே போகும்? ஏப்பமாக இல்லை! அது இரைப்பைக்கும் குடலுக்கும் வெளியே அல்லவா நிற்கிறது? ஆபரேஷன் முடிந்ததும் பெரும்பகுதியைத் துளை வழியாகவே எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் வயிற்றின் உள்சவ்வு வழியே ரத்தத்தில் கரைந்து, நுரையீரலுக்குப் போய்... மூச்சாக வெளியேறுகிறது. உங்கள் உடம்பும் என் உடம்பும் நாள் முழுக்கச் செய்கிற அதே வேலைதான். புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம்.

"அப்ப தோளு ஏம்மா வலிக்கு?" — இது மச்சான்.

"நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தசை இருக்கு, உதரவிதானம். மிச்ச வாயு அதை உறுத்துது. அந்தச் சேதி போற நரம்பும், தோள்பட்டை நரம்பும் கழுத்துல ஒரே இடத்துல சேருது. ரெண்டு கட்டிலுக்கு ஒரே மணி வச்சா எப்படி இருக்கும்? அடிச்சது இந்தக் கட்டில், சிஸ்டர் ஓடுறது அந்தக் கட்டிலுக்கு. மூளைக்கும் அதே குழப்பம்."

போகும்போது சிஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நடக்கச் சொன்னது அக்காவ. நீங்க நடந்துக்கிட்டு இருக்கிய!"

செல்வியே சிரித்துவிட்டாள். சிரித்ததில் தையல் இழுத்தது. "யம்மா..." என்று என் கையைப் பிடித்து எழுந்தாள். தலை சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு ஓர் அடி வைத்தாள். நின்றாள். நீளமாக மூச்சு விட்டாள். "பைய, பைய" என்று மச்சான் முன்னால், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார்.

பிள்ளைகளே, ஆபரேஷன் ஆன பிறகு உங்கள் வீட்டில் யாருக்கு எங்கே வலித்தாலும் முதலில் சிஸ்டரிடம் ஓடுங்கள். வலி வாயுவா, வேறு ஏதாவதா என்று அவர்கள்தான் பார்க்க வேண்டும். அவர்கள் சொன்னதைப் பாதியில் மறந்துவிட்டு, நானும் மச்சானும் செய்ததைச் செய்யாதீர்கள்.

மறுநாள் வலி பாதியாகக் குறைந்தது. வீட்டுக்கு வந்தும் எனக்கு நிம்மதி இல்லை — மூச்சு இழுத்தால் வலிக்கிறதா, வலிக்கிறதா என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாதா என்று ஆரம்பித்தவள், ஒரே மூச்சில், தோளைத் தொடாமல், நிறுத்தாமல் திட்டினாள்.

மிச்சம் மீதி வாயு இருந்திருந்தால், அதிலேயே போயிருக்கும்!