அந்தாளு முடி

என் தலையில் வளர்வது என் முடியில்லை என்றுதான் அம்மா எப்போதும் சொல்வாள். "அந்தாளு முடி" என்பாள். அந்தாள் என்றால் என் அப்பா. நிறம் அம்மாவுடையது, மூக்கும் அம்மாவுடையது, கோபம் யாருடையது என்பது இன்னும் தீர்ப்பாகாத வழக்கு. முடி மட்டும் சந்தேகமே இல்லாமல் அவருடையது. கறுத்து, அடர்ந்து, வேரிலிருந்தே சுருண்டு, சீப்பை விட்டால் உள்ளேயே நின்றுவிடுகிற முடி.

அப்போது நாங்கள் சிங்கப்பூரின் வடக்கே மார்சிலிங்கில் இருந்தோம். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. வெளியே அவருக்கு நல்ல பெயர். கோயில் திருவிழா என்றால் பந்தல் வேலைக்கு முதல் ஆளாக நிற்பார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் வேறு ஆள். அம்மாவுக்கு அந்த நாளில் இடுப்பைத் தாண்டிய நேரான பின்னல். அதைக் கையில் சுற்றிக்கொள்வார். சுற்றிக்கொண்டால் அம்மா எங்கும் போக முடியாது. குளிர்பெட்டிக் கதவில் அந்தத் தலை மோதும் சத்தம் வேறு, சமையலறைச் சுவரில் மோதும் சத்தம் வேறு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எனக்கு எது எதுவென்று தெரியும். பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி சன்னலைச் சாத்திக்கொள்வார். கோடி வீட்டு மலாய்க்கார அத்தை, மக்சிக் என்போம், ஒரே ஒருமுறை வந்து கதவைத் தட்டினார். அப்பா திறந்து, சிரித்து, மலாயில் என்னவோ சொன்னார். மக்சிக்கும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

நான் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா மாரடைப்பில் போனார். அம்மா அழவில்லை. காரியமெல்லாம் முடிந்ததும் கத்தரிக்கோலை எடுத்துப் பின்னலைக் கழுத்தோடு வெட்டினாள். தாலி இறங்கிய துக்கம் என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். துக்கமாவது, மண்ணாவது. இனி எவன் கைக்கும் எட்டக்கூடாது என்றுதான் வெட்டினாள்.

அதோடு அந்த வீட்டையும் விற்றுவிட்டு ஆங் மோ கியோவுக்கு வந்தோம். அப்பாவின் சட்டைகள், சாப்பாட்டுத் தூக்கு, சவரக்கத்தி, சட்டம் போட்ட படம், ஒன்று விடாமல் புளோக்குக்குக் கீழே குப்பைத் தொட்டிக்குப் போயின. என் தலையைத் தூக்கிப் போட முடியவில்லை. அது மட்டும் தினமும் காலையில் எழுந்து வந்து அம்மா முன்னால் உட்கார்ந்தது.

பள்ளிக்கூடம் கிளம்பும்முன் தலை வாரும் நேரம்தான் எங்கள் வீட்டில் பூசை நேரம். பூசை எனக்கு. அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவே தரையில் உட்காருவேன். ஒவ்வொரு சிக்குக்கும் சீப்பின் முதுகால் மண்டையில் ஒரு அடி விழும். "வளைஞ்சு வளைஞ்சு போவுது பாரு, அந்தாளு புத்தி மாரி." அழுதால் இன்னொன்று. அழாவிட்டால், "கல்லு மாரி இருக்கியேடி" என்று அதற்கும் ஒன்று. எப்படி அழுதால் அடி விழாது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

உயர்நிலைப்பள்ளிக்குப் போன வருடம் அம்மா தேக்கா சந்தையிலிருந்து ஒரு டப்பா வாங்கி வந்தாள். முடியை நேராக்கும் கிரீம். அட்டைப்பெட்டியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள், முடி தொங்கவிட்ட துணிபோல விழுந்து கிடந்தது. சமையலறை நாற்காலியில் என்னை உட்காரவைத்து, கையுறை போட்டுக்கொண்டு, அம்மா பூசினாள். அழுகிய முட்டை நாற்றம். கொஞ்ச நேரத்தில் தலை பற்றிக்கொண்டது.

"எரியுதும்மா."

"எரியட்டும். எரிஞ்சாத்தான் நேராவும்."

எழுந்து ஓடப் பார்த்தேன். தோளை அழுத்தி உட்காரவைத்தாள். சொன்ன நேரத்தைவிட அதிகமாகவே வைத்திருந்தாள். நன்றாக வேகட்டும் என்று நினைத்திருப்பாள். கழுவியபோது பிடரியில் தோல் வழன்று வந்தது. அம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. தோள்மேல் நேராக விழுந்து கிடந்த முடியைத்தான் பார்த்தாள். அதைத் தடவினாள். அப்பா செத்த பிறகு முதல்முறையாக அம்மா என் தலையைத் தடவியது அன்றைக்குத்தான். அந்தத் தடவலுக்காக நான் இருபது வருடம் தலையைக் கொடுத்தேன்.

வேலைக்குப் போனதும் கடைக்கு மாறினேன். ரசாயனம் பூசி, சூட்டுக் கருவியால் இழுத்து இழுத்து முடியை நேராக்குவதற்கு இங்கே ரிபாண்டிங் என்று பெயர். லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் அந்த அழகுநிலையம். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அங்கே போனால், வாசல் படியில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். எங்கள் பெண்களுக்கே உரிய கணக்கு ஒன்று உண்டு: ரிபாண்டிங் செய்த முடியில் மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது, தீபாவளியன்று விடியற்காலையிலோ எண்ணெய் தேய்த்துக் குளித்தே ஆகவேண்டும். ஒரு வருடம் வேலைத் தொல்லையில் எனக்கு அந்தக் கணக்கு பிசகிவிட்டது. தீபாவளிக்கு முதல்நாள் போய் நேராக்கிக்கொண்டு வந்தேன். எண்ணெய் வேண்டாம் என்று கெஞ்சினேன். எண்ணெய்க் குளியல் இல்லாத தீபாவளி என்பது அம்மாவுக்குச் சாவு வீடு. நல்லெண்ணெயை ஊற்றி, சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டாள். காய்வதற்குள் பாதி முடி சுருண்டுகொண்டது. புதுப் பாவாடையோடு நின்ற என்னை அதே சீயக்காய்க் கிண்ணத்தால் அடித்தாள். ஊற்றியதும் அவள், அடித்ததும் அவள். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. அலுவலகத்தில் எனக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்த்தார்கள்.

நிறுத்தியது நானாக யோசித்து எடுத்த முடிவு என்று பெருமையடித்துக்கொள்ள முடியாது. போன வருடம் அந்த மாடிக் கடையில், மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வரும் தங்கச்சி வயசுப் பெண் ஒருத்தி என் தலையில் சூட்டுக் கருவியை இழுத்தாள். கருவி கீழே வந்தது. முடியும் கூடவே வந்தது, ஒரு கைப்பிடி. கருகிய நாற்றம் அறை முழுக்க.

"ஐயோ அக்கா, சாரிக்கா, நான் மெதுவாத்தான்க்கா பண்ணேன்," என்று அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "உங்க முடி செத்துப் போச்சுக்கா. இதுக்கு மேல தாங்காதுக்கா."

கண்ணாடியில் பார்த்தேன். இருபது வருடமாக ஒன்றை நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் இருபது வருடமாக விடாமல் முளைத்து வந்திருக்கிறது. அதன் திமிர் எனக்குப் பிடித்துப்போனது. தலையைக் கழுவிக்கொண்டு பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

பழையதை வெட்டாமல் புதியதை வளரவிட்டேன். அதைவிட அசிங்கம் ஒரு தலைக்கு வர முடியாது. வேரில் சுருட்டை மொத்தமாக ஏறி நிற்கும், நுனியில் நேரான முடி எலிவால்போலத் தொங்கும். இரண்டும் சேருகிற இடத்தில் பட் பட்டென்று உடையும். எம்ஆர்டி ரயிலில் ஒரு அம்மையார் என்னையே பார்த்துவிட்டு, "வீட்ல சீப்பு இல்லியா லா?" என்று கேட்டார். "இருக்கு ஆண்ட்டி, உங்க வாயத் தைக்க ஊசிதான் இல்ல," என்றேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

வெளியாட்களைச் சமாளிக்கலாம். வீட்டில் வேர் உயர உயர அம்மாவுக்கு வெறி உயர்ந்தது. முதலில் வார்த்தை. பிறகு சோற்றுத் தட்டை மேசையில் எறிவதுபோல வைத்தாள். பிறகு சீப்பு பறந்து வந்து என் நெற்றியில் பட்டது. "கட் பண்ணு, இல்ல நேராக்கு. இந்தத் தலையோட என் முன்னால வராத." எங்கே போவது? அது மூவறை வீடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்தி முன்னால்தான் இன்னொருத்தி நிற்கவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோபாவில் கண்ணயர்ந்துவிட்டேன். காதோரம் அனல். கண்ணைத் திறந்தால், அம்மா தரையில் மண்டியிட்டு, என் பழைய சூட்டுக் கருவியைச் சொருகி, என் முடியில் ஒரு கற்றையை அதில் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தாள். மூச்சுச் சத்தம்கூட இல்லாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு. நான் திமிறியதில் கருவி காது மடலில் அழுந்தியது. தோல் சுர்ரென்றது.

அடுத்து நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. கருவியைப் பிடுங்கினேன். சுவரிலிருந்த ஒயர் பிய்ந்து வந்தது. தரையில் ஓங்கி அடித்தேன். அடித்து அடித்து அது இரண்டாகிற வரை விடவில்லை. ஆள்மேல் தீர்க்க முடியாத ஒன்றைப் பிளாஸ்டிக்கில் தீர்த்துக்கொள்வதுபோல அடித்தேன். நிமிர்ந்தபோது அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். முகத்தில் பயம்கூட இல்லை. பழகிய வேலைக்குத் தயாராகிற முகம்.

"அடி," என்றாள். "அடுத்தது அதானே? அடி."

அந்த "அடி"யை அவள் எனக்குச் சொல்லவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராக லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். தீபாவளி விளக்குகளைத் தெருவுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டிருந்தார்கள். மாடி ஏறி, நேரான முடி ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் வெட்டச் சொன்னேன். வெட்டி முடித்ததும் இரண்டு விரல் உயரச் சுருட்டை மட்டும் தலையில் நின்றது. இலேசாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். கடைக் கண்ணாடிகளில் என்னைப் பார்த்துக்கொண்டே சிராங்கூன் சாலையில் நடந்தேன். இது என் தலை, என் தலை என்று சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மணி அடித்தேன். அம்மா கதவைத் திறந்தாள். இரும்புக் கேட்டுக்கு இந்தப் பக்கம், நடைவழி விளக்குக்குக் கீழே, குட்டைச் சுருட்டையோடு நான் நின்றேன்.

அம்மா இரண்டு கைகளையும் தூக்கித் தலையை மூடிக்கொண்டு, அப்படியே கீழே குந்திவிட்டாள்.

"அம்மா, நான்தான்." கேட்டைப் பிடித்துக்கொண்டு எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. பிறகு எழுந்தாள், பூட்டைத் திறந்தாள், என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். அதன்பிறகு தீபாவளிவரை பார்க்கவே இல்லை. பேசவேண்டியதை டிவியைப் பார்த்துப் பேசினாள். நான் குளியலறையிலிருந்து வந்தால் அவள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அடியைவிட அது மோசம். முடியை மீட்டுக்கொண்டேன், அம்மாவைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி நேராக்கிவிடலாமா என்றுகூட, சொல்ல வெட்கமாக இருக்கிறது, யோசித்தேன்.

ஆனால் தீபாவளி வந்தே தீரும். வந்தால் வீட்டில் மூத்தவள் கையால் தலையில் எண்ணெய் வைத்தே ஆகவேண்டும். அம்மா எதை விட்டாலும் அதை விடமாட்டாள். விடிவதற்குள் விளக்கேற்றி, மிளகு போட்டு எண்ணெய் காய்ச்சி வைத்துவிட்டு, "வா" என்றாள். அவ்வளவுதான். சமையலறையில் பிளாஸ்டிக் முக்காலியில் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

வெதுவெதுப்பான எண்ணெய் உச்சியில் விழுந்து வழிந்தது. கை வரவில்லை. நான் திரும்பவில்லை. பிறகு விரல்கள் வந்தன. சுருட்டையின் மேலாக, தொட்டும் தொடாமலும். உள்ளே போயின. போனதும் இறுகின. கொத்தாகப் பிடித்து என் தலையைப் பின்னுக்கு இழுத்தாள். முதல் அறை உச்சந்தலையில் விழுந்தது, எண்ணெயில் சளாரென்று.

"ஏன்டா அடிச்ச?"

அப்பாவை ஒருநாளும் "என்னங்க" என்பதைத் தாண்டிக் கூப்பிட்டறியாதவள்.

"நான் என்னடா பண்ணேன் உனக்கு? சோறு போடலயா? துணி தொவைக்கலயா? புள்ள பாக்குதுன்னு கத்துனேனே, கேட்டியாடா? கேட்டியா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி. தலையில், காதில், கழுத்தில். எண்ணெய் கண்ணுக்குள் போய் எரிந்தது. எழுந்துவிடலாம். நான் அவளைவிட உயரம், அவளைவிட பலம். முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்குச் சேரவேண்டியது வேறு எங்கே போய் விழும்? ஆனால் வலித்தது எனக்குத்தான். ஒரு கட்டத்தில், இல்லை, இனி முடியாது என்று தோன்றியது. திரும்பி அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துவிட்டேன்.

"அம்மா. அவரு செத்துட்டாரு."

இழுத்துப் பார்த்தாள். விடவில்லை.

"செத்துட்டாரும்மா. எரிச்சாச்சு. சாம்பலக் கடல்ல விட்டாச்சு. நீயும்தான் படகுல வந்த."

மூச்சு வாங்க என்னைப் பார்த்தாள். இத்தனை வாரத்தில் முதல்முறையாக, என் முகத்தை. நெற்றியை, மூக்கை, எண்ணெய் வழிகிற முடியை.

"அப்ப நான் யாரைடி அடிக்கிறேன்?"

"என்னைய."

"எப்போலேருந்து?"

"சின்னப் புள்ளையிலேருந்தும்மா."

மணிக்கட்டை விட்டேன். அவள் கை எங்கே போவதென்று தெரியாமல் என் தலைமேலேயே கிடந்தது.