பத்து விநாடியில் வந்த விடை

எண்பதுகளின் தொடக்கத்தில், ஹைதராபாத்தில் குஷாய்குடா பக்கம் ஒரு சிறிய நர்சிங் ஹோமின் லேபில் வேலை பார்த்தேன். அங்கே வந்த நோயாளிகள் பெரும்பாலும் பக்கத்துத் தொழிற்சாலைக் குடும்பங்கள். என் கணவருக்கும் ஒரு தொழிற்சாலையில்தான் வேலை.

ஒரு கோடையில், ஆபரேஷன் முடிந்த மூன்று பேருக்கு அடுத்தடுத்துத் தையலில் சீழ் பிடித்தது. மூன்றிலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி வளர்ந்தது. சர்ஜன்தான் முதலாளியும். வேலை செய்கிற அத்தனை பேருக்கும் டெஸ்ட் செய்யச் சொன்னார், தன்னையும் விலக்கிக்கொள்ளவில்லை.

வார்டு ஆயாவின் விரலில் ஒரு கொப்புளம் இருந்தது. செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பத்துப் பெண்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்திருக்கும். அந்தக் கொப்புளத்திலிருந்து வளர்ந்த கிருமியைக் கண்ணாடித் தகட்டில் உப்புநீரில் கரைத்து, ஒரு சொட்டு ரத்த பிளாஸ்மா விட்டேன். பத்து விநாடிக்குள் பால் திரிவதுபோலத் திரிந்தது. சீழ் பிடிக்க வைக்கும் இனம் என்று அர்த்தம். சர்ஜனின் மூக்கிலிருந்து எடுத்ததும் அப்படியே திரிந்தது. இரண்டையும் அவரிடம் சொன்னேன்.

"மூக்குல பாதிப் பேருக்கு இருக்கும்மா. கொப்புளம்தான் காரணம்," என்றார்.

அன்று மதியமே ஆயாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஒரே இனத்துக்குள்ளும் பல வகைகள் உண்டு, எது யாரிடமிருந்து வந்தது என்பதை இந்தச் சோதனை காட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தும் அது உறுத்தியது. மறுநாள் ஐந்து மாதிரிகளையும் நான் படித்த கல்லூரி வழியாக வகை பிரிக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அங்கே கிருமிகளை அழிக்கும் வைரஸ்களைச் சொட்டுச் சொட்டாக வைத்து, எந்தச் சொட்டுக்கு எது சாகிறது என்று பார்ப்பார்கள். கடிதம் வர மூன்று வாரம் ஆயிற்று. மூன்று சீழும் சர்ஜனின் மூக்கும் ஒரே வகை. ஆயாவுடையது வேறு.

கடிதத்தைச் சர்ஜன் இரண்டு முறை படித்தார்.

"யாரைக் கேட்டு அனுப்பினே?"

"யாரையும் கேக்கலை, சார்."

அவர் மறுநாள் ஆபரேஷனை வேறு டாக்டரிடம் ஒப்படைத்தார். மூக்குக்கு மருந்து போட்டுக்கொண்டு, மறுபடி டெஸ்டில் ஒன்றும் வளராத பிறகுதான் தியேட்டருக்குள் போனார். சீழ் பிடிப்பது நின்றது.

ஆயாவைத் திரும்ப அழைத்துவரச் சொன்னார். நானே அவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன், நான் வாய் திறக்காததையும் சேர்த்து.

"அன்னிக்கே கைக்கும்மா சொல்லலை, ஏன்?" என்றார்.

"பயம்," என்றேன்.

"ஹவ், ஆமாம்மா. எனக்கும் இருந்துச்சு." விரல் ஆறியிருந்தது. "நக்கோம்மா, வேணாம். இனிமே அங்க வர மாட்டேன். ஸ்கூல்ல வேலை கெடச்சிடுச்சு."

மோர் கொடுத்தார். வாங்கிக் குடித்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.